அந்தோணி பெயரில் நுழைந்தேன்

ஓய்வு பெற்ற அன்று சால்வையும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், இத்தன வருஷத்துல உங்களால மறக்கவே முடியாதது எது?" ஏதோ சிரித்து மழுப்பிவிட்டுக் கேக்கை வெட்டப் போய்விட்டேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கூட்டத்தின் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் உங்களில் இரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டீர்கள். வாடிக்கையாளரின் மெஷினுக்குள் இங்கிருந்து நுழைய ஒவ்வொரு முறையும் சொந்தப் பெயர், சொந்தக் கடவுச்சொல், அதன் மேல் ஒரு எண், ஏன் நுழைகிறோம் என்று ஒரு வரி. "இந்த ரூலை எந்தக் கிழவன் போட்டானோ" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. அந்தக் கிழவன் நான்தான். ஏன் போட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். இரும்புச் சாமான்களைச் சூடேற்றிக் கடினப்படுத்தும் உலைகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். எந்தச் சாமானுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற பட்டியல் முழுவதும் உலைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன டேட்டாபேஸில் இருக்கும். உலையை ஓட்டுகிறவர் சாமானின் எண்ணை மட்டும் அடித்தால் போதும், மற்றதை அது எடுத்துக்கொள்ளும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா பக்கத்து ஊரான பாடியில் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். "எம்புள்ள போன்லயே பாய்லர ஓட்றான்" என்று ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அது பாய்லர் இல்லையப்பா என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

போன் விஷயம் மட்டும் உண்மை. பாடியில் லாரிகளுக்கு கியர் செய்யும் ஒரு தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். அங்கே சின்னச் சிக்கல் என்றாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. முதலாளி ஒரு மோடம் வாங்கிக் கொடுத்து, "இங்கேருந்தே பாக்கற மாதிரி செய்யி. இது நல்லா வந்தா மத்த கம்பெனிக்கும் இதையே விக்கலாம்" என்றார். மூன்று நாள் கெடு.

அந்த டேட்டாபேஸ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை மாதிரி. அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கேட்டால்தான் பதில் சொல்லும். வெளியிலிருந்து கேட்டால் வாயைத் திறக்காது. திறக்க வைக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும், பிறகு வெளியிலிருந்து வருகிறவருக்கென்று தனியாக ஒரு பெயரை உண்டாக்கி, அவர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வரையறுக்க வேண்டும். வரியை மாற்றிவிட்டேன். புதுப் பெயரை உண்டாக்கத் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அது முதலாளியின் பீரோவில், முதலாளி கோயம்புத்தூரில்.

இங்கேதான் அந்தோணி அண்ணன் வருகிறார்.

உலையை ஓட்டுகிறவர் அவர். பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு, பாடி வரை சைக்கிளில் வருவார். முன்னங்கை இரண்டிலும் ஒரு முடி இருக்காது, உலை வாய் பொசுக்கி எடுத்திருக்கும். தமிழ் படிப்பார். ஆங்கிலத்தில் எண்களும் தன் பெயரும் மகள் பெயரும் தெரியும். காலையில் வந்து தன் கடவுச்சொல்லை அடித்ததும் திரையின் மேல் மூலையில் அவர் பெயர் வரும். அதை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

"இருவது வருசமா இங்க கீறேன் தம்பி. கேட்டுல கூட என் பேரு எழுதல. நீ எழுதிட்ட பாரு, டிவில" என்பார்.

அவரிடம் போய், "அண்ணே, உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் தர்றீங்களா? ஆபீஸ்லேருந்து பார்க்கிறதுக்கு" என்றேன்.

"இதுக்கு இன்னா கேட்டுக்கினு கீற? ஸ்டெல்லா. எம்பொண்ணு பேரு. எழுதிக்கோ."

ஏற்கெனவே இருக்கிற பெயருக்குத் தலைமைக் கடவுச்சொல் தேவையில்லை. அவர் பெயரை வெளியிலிருந்து வரலாம் என்று அனுமதித்தேன். அன்று சாயங்காலமே அம்பத்தூரிலிருந்து மோடம் கிறீச்சிட்டு, பாடி உலையின் சூடு என் திரையில் தெரிந்தது. முதலாளி திரும்பி வந்ததும் என் முதுகில் தட்டினார். தனிப் பெயர் உண்டாக்குவதை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஆயுத பூஜை வந்துவிட்டது.

அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். உலைக்கு, லேத்துக்கு, கம்ப்யூட்டருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு கேட்டில் வருகை அட்டை குத்துவது கிடையாது, வருகிறவர் வரலாம், போகிறவர் போகலாம். உலைக்கு முன்னால் பூசணிக்காய் உடைப்பது அந்தோணி அண்ணன். மாதா கோயிலுக்குப் போகிற ஆள்தான். ஆனாலும் உலையில் மூத்தவர் அவர் என்பதால் அது அவர் உரிமை. காயையும் அவரே சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவார். அவருடன் வேலை செய்யும் கபாலி ஒவ்வொரு வருஷமும் சீண்டுவாராம்.

"இன்னா அண்ணாத்தே, மாதா கோச்சிக்க மாட்டாங்களா?"

"உனுக்கு இன்னாடா மாமே. நெருப்புகிட்ட நிக்கறவன் எல்லாச் சாமிக்கும் ஒரு வணக்கம் போட்டுக்கணும். மாதாகிட்ட நான் சொல்லிட்டுத்தான் வந்துக்கினு கீறேன்."

பூசணி உடைந்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை எவரும் எந்த மெஷினையும் தொடக்கூடாது. தொழிற்சாலை முதலாளியே வந்து சொன்னாலும் தொடமாட்டார்கள். உலையை மட்டும் முழுக்க அணைக்க முடியாது, உள்ளே செங்கல் வெடித்துவிடும். குறைந்த சூட்டில் தானாகக் கிடக்கும். அதனால் கம்ப்யூட்டரும் மாலையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் அலுவலகத்திலும் காலையில் பூஜை முடிந்தது. பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் தங்கினேன். லீவு நாளில் போன் லைன் காலியாக இருக்கும், தொழிற்சாலையில் எவரும் இல்லை, வெளியிலிருந்து எழுதவும் முடிகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். மோடத்தின் மேல் வைத்திருந்த செவ்வந்திப் பூவை எடுத்து ஓரமாக வைத்தேன். பூஜை என்பதெல்லாம் படிக்காதவர்கள் விஷயம் என்ற எண்ணம் எனக்கு உள்ளூர இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் அப்பாவும் அந்தப் படிக்காதவர்களில் ஒருவர்.

பட்டியலின் முதல் வரியை எடுத்தேன். ஒரு கியர். கடினப்படுத்தி முடித்தபின் அது நொறுங்காமல் இருக்கக் கடைசியாக ஒரு மெல்லிய சூடு கொடுப்பார்கள், நூற்று எண்பது டிகிரி. அதை இருநூற்று எண்பது என்று மாற்றி அனுப்பினேன். உடனே பழையபடி மாற்றிவிடலாம் என்று. அதற்குள் லைன் அறுந்தது. மறுபடி போன் எண்ணைச் சுற்றினேன். யாரோ இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மறுபடியும் சுற்றினேன். செத்த லைன்.

பாதியில் அறுந்துவிட்டதே, அப்படியானால் எதுவும் பதிவாகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லைன் மோசம் என்பதால் ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நொடியே பதிவாகட்டும் என்று அமைத்துவைத்ததே நான்தான். அது எனக்குத் தெரியும். பாடிக்கு மொபெட்டில் கால் மணி நேரம். போய்ப் பார்த்திருக்கலாம். வீட்டில் அம்மா காத்திருப்பாள் என்று திருவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் அலுவலகத்தில் புது வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். முதலாளி என்னை அவர் முன்னால் நிறுத்தி, "இவன்தான் நம்ம பையன், போன்லயே எல்லாம் பாத்துடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தோணி அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, மொத லோடு ஓடிக்கினு கீது. கடைசிச் சூட்டுக்கு வந்துட்ச்சி. இருநூத்தி எம்பது காட்டுது. நாம நூத்தி எம்பதுதான போடுவோம்? நிறுத்திடட்டுமா?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்ற பேச்சே அந்த அறையில் எழக்கூடாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"டிராயிங்கை மாத்தியிருப்பாங்க அண்ணே. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதையே போடுங்க."

"அப்பிடியா? நீ சொன்னா சரி."

ரிசீவரை வைத்த கை இன்னும் அதன் மேலேயே இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருநூற்று எண்பது நான் அடித்த எண்.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் நெருக்கடி என்றால் பெரிய சத்தத்தோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடி அந்த ஒரு நிமிஷம்தான். ரிசீவரைத் திரும்ப எடுத்து "அண்ணே, நிறுத்துங்க, தப்பு என்னுது" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. உள் அறைக்குப் போய் மோடத்தைப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் எண்ணைச் சரிசெய்துவிடலாம் என்று. மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. நூற்று எண்பது என்று திருத்தினேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லோடு தனக்கு வேண்டியதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. பட்டியல் சரியானது. உலையில் இருந்தது சரியாகவில்லை.

மதியம் சோதித்தபோது அத்தனை கியரும் மெத்தென்று போயிருந்தன. மறுபடி சூடேற்றினால் பற்கள் கோணிவிடும். விஜயதசமியின் முதல் லோடு மொத்தமும் பழைய இரும்புக்குப் போனது.

நான்காம் நாள் தொழிற்சாலையில் விசாரணை. பதிவுகளை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லி எங்களுக்குச் செய்தி வந்தது. அச்செடுத்தது நான். அந்தப் பதிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு விவரம் இருக்கும்: யார், எப்போது, என்ன, எங்கிருந்து. கடைசிக் கட்டத்தில் உள்ளேயிருந்தா, போன் லைன் வழியாகவா என்று இருக்கும். நான் மூன்று கட்டம் மட்டும் அச்சடித்தேன். தாள் சின்னது, நான்காவது இடம் கொள்ளாது என்று பிரிண்டர் கரகரவென்று ஓடும்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அகலத் தாள் பக்கத்து மேஜையில்தான் இருந்தது.

மேனேஜர் அறையில் எனக்கும் முதலாளிக்கும் நாற்காலி போட்டார்கள். அந்தோணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட இருபது வயது கூட இருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் தாளை நீட்டினார். "இது யார் பேரு?"

"எம்பேருதான் சார்."

"பூஜை அன்னிக்கு மத்தியானம் ரெண்டரைக்கு நூத்தி எண்பதை இருநூத்தி எண்பதா மாத்தியிருக்கு. மறுநாள் காலையில, லோடு ஓடும்போதே, திரும்ப நூத்தி எண்பது. தப்பு பண்ணிட்டு அழிக்கப் பாத்தியா?"

"சார், பூஜ அன்னிக்கு பன்னண்டுக்கே ஊட்டுக்குப் பூட்டேன் சார். பூசணி ஒடச்சது நானு. ஒடச்ச கையால மிஷின தொடுவனா?"

"அப்போ உன் பேரு எப்படி வந்துச்சு?"

"அதான் சார் எனுக்கும் தெரில. காலைல நம்பரு வேற மாரி கீதுன்னு தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன். தம்பிதான் அதையே போடச் சொல்லிச்சி. கேளுங்க சார்."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தோணி அண்ணன் முகத்தில் சந்தேகமே இல்லை. இதோ தம்பி சொல்லிவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்ற முகம்.

"போன் வந்துச்சாப்பா?" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு நிறைய போன் வந்துச்சு சார். ஞாபகம் இல்லை."

அந்தோணி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம், பெரும்பாலும் வேலை போய்விடும், என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தபோது கபாலியும் மற்றவர்களும் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வீணாய்ப் போன கியரைப் பற்றிக் கவலையில்லை.

"பூஜ போட்ட மிஷின போயி தொட்டுக்கிறியே அண்ணாத்தே. மொத லோடே வெளங்காமப் பூட்ச்சி பாரு."

"இன்னா இருந்தாலும் மாதா கோயில் ஆளுதான. நம்ம பூஜன்னா அவ்ளோதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷம் கூட நின்றவர்களில் யார் அதைச் சொன்னது என்று தேடினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, திருவேற்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான். மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். சட்டையைப் பிடித்து வெளியே இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா அவரை உட்கார வைத்து, "நீங்க அந்த கியரு கம்பெனியா? எம்புள்ளதான் அங்க பாய்லர போன்ல ஓட்றான், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"தெரியுங்கண்ணே. தம்பி கெட்டிக்காரு."

"இன்னிக்கு லீவா?"

"ஆமாண்ணே. கொஞ்ச நாளு லீவு."

அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, என்னைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. எம்பேர்ல எவனோ பூந்துட்டான். எம்பொண்ணு பேர எவன் கிட்டயாவது நான்தான் ஒளறிட்டேன் போல கீது. என் வேல போனா போவுது. அவ பேரு அதுக்குள்ள இருக்கறது ஒரு மாரியா கீது. அத மட்டும் எடுத்துடுறியா?"

எவன் எவனிடமோ உளறியிருக்கலாம் என்று யோசித்தவர், என்னிடம் சொன்னதை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"எடுத்துடறேன் அண்ணே" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்தேன். அப்பா பெருமையோடு சொன்னார்: "எவ்ளோ பெரிய மன்சன், உன்ன தேடிக்கினு வந்து ஒதவி கேக்கறாரு பாரு. படிப்புன்னா சும்மாவா."

மறுநாள் காலை அகலத் தாளில் நான்கு கட்டத்தையும் அச்சடித்து முதலாளி மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். போன் வந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

"இத அப்படியே கொண்டுபோய்க் குடுத்தா நாளைக்கு நம்ம போர்டை இறக்கிடணும். ஆறு குடும்பம்டா."

"அவர் வேலை போயிடும் சார்."

"போகாது. போக விடமாட்டேன். நான் சொல்ற மாதிரி எழுது."

டெலிபோன் இணைப்பில் ஏற்பட்ட கோளாறால் பதிவில் தவறான எண் புகுந்துவிட்டதாகவும், உலையை ஓட்டுபவருக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் ஒரு கடிதம். அடியில் என் கையெழுத்து. முதலாளி கெட்டவர் இல்லை. பொய்யென்று ஒரேயடியாகச் சொல்ல முடியாத வாசகம்தான் அது. லைன் அறுந்தது உண்மைதானே. மேனேஜர் கடிதத்தைக் கோப்பில் போட்டார். புதன்கிழமை அந்தோணி அண்ணன் வேலைக்குத் திரும்பினார். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். வெளியிலிருந்து வருகிறவருக்குத் தனிப் பெயர், அதுவும் வருகிற ஆளின் சொந்தப் பெயர். பார்க்கலாம், எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கிருந்து என்ற கட்டத்தை எந்த அச்சிலும் மறைக்க முடியாது. உங்களுக்கு எரிச்சல் தருகிற விதிகள் எல்லாம் அந்த வாரம் பிறந்தவை. அவற்றை எழுதியபோது நான் ரொம்பவும் பொறுப்பானவன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் அலுவலகத்தின் சார்பில் என்னை அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். உலைக் கூடத்துக்குள் போனபோது பூசணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது கபாலி. உடைத்தார். குங்குமத்தோடு துண்டுகள் தரையில் சிதறின. எல்லோரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"அந்தோணி அண்ணன் எங்கே?" என்றேன்.

"அவரு வெளிய சைக்கிள் ஸ்டாண்டாண்ட இருப்பாரு தம்பி. இந்தப் பக்கம் வரமாட்டாரு" என்றார் கபாலி, பொரியை என் கையில் கொட்டிக்கொண்டே. "போன வருசம் பூஜ போட்ட மிஷின தொட்டுட்டாருல்ல. மேனேஜரு மன்னிச்சி உட்டுட்டாரு, சரி. அதுக்குன்னு நாங்க காய அவரு கைல குடுக்க முடியுமா?"

கடிதம் கோப்பில் இருந்தது. உலைக் கூடத்தில் அதை ஒருவரும் படிக்கவில்லை. வேலை திரும்பிக் கிடைத்தது என்றால் மன்னிப்பு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு என்றால் தப்பு செய்தார் என்றுதானே அர்த்தம். ஒரு வருஷமாக அவர் அதைச் சுமந்துகொண்டு தினமும் அதே உலைக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். தன் சைக்கிளின் கேரியரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"வா தம்பி. பொரி குட்த்தானுங்களா?"

"அண்ணே, போன வருஷம் அந்த நம்பரை மாத்தினது நான். ஆபீஸ்லேருந்து, போன்ல, உங்க பேர்ல. லைன் கோளாறு எதுவும் இல்லை. நான்தான்."

அவர் கேரியரிலிருந்து நிமிர்ந்தார். உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போன் பண்ணனே. அது ஞாபகம் இல்லன்னு சொன்னியே. இப்ப ஞாபகம் கீதா?"

"இருக்கு அண்ணே."

"எப்ப வந்திச்சி ஞாபகம்?"

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே கடினமானது அதுதான். எந்த வாடிக்கையாளரும், எந்த அதிகாரியும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"மறக்கவே இல்லை அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. உலைக் கூடத்தின் வாசலைக் கையால் காட்டினார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? நான் தொடலன்னு எனுக்குத் தெரியும். போயி அவனுங்களாண்ட சொல்லு. கம்பெனி, லைனு, அது இதுன்னு சொல்லாத. உம்பேரச் சொல்லிச் சொல்லு. நான் இங்க நின்னு கேட்டுக்கினு கீறேன்."

இருபது அடி தூரம்தான் இருக்கும். உள்ளே போனேன். கபாலி கற்பூரத் தட்டோடு திரும்பினார். மற்றவர்கள் பொரியை மென்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நான் 'கம்ப்யூட்டர் தம்பி'. ஒன்றரை வருஷம் அந்தக் கூடத்துக்கு வந்து போயிருக்கிறேன், என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. போன வருஷப் பூஜை நாளின் பதிவிலும் அது இல்லை.

"என் பேர் சேகர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், வெளியே சைக்கிள் ஸ்டாண்டு வரை கேட்கும்படி. "என் பேர் சேகர். போன வருஷம் பூஜை போட்ட மெஷினைத் தொட்டது நான்."

கபாலி தட்டைக் கீழே வைத்தார். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த வருஷத்துப் பூசணி அங்கே ஏற்கெனவே உடைந்து கிடந்தது.